இடது பக்கம் நாலு டக்

அவளை ஊரில் பாதிப் பேர் ‘ரெண்டாவது பிரேக்’ என்றுதான் சொல்வார்கள். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறவர் காலடியில் இன்னொன்று இருக்கும். அந்த இன்னொன்றை வருடக்கணக்கில் மிதித்து மிதித்து அவளுடைய வலது காலுக்குத் தனியாக ஒரு புத்தி வந்துவிட்டது. கணவர் சூடான டீயோடு கதவுப் பக்கம் திரும்பினால், அடுப்படியில் நிற்கிற அவள் கால் தரையை மிதிக்கும். மகள் போனில் யாரிடமோ குரலை உயர்த்தினால் மிதிக்கும். ஒருமுறை பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்திருந்தபோது, ஊசி கிட்டே வர வர, நாற்காலியின் கால்பலகையை அவள் மிதித்த மிதியில் அது கழன்று கீழே விழுந்தது.

"என்னம்மா இது?" என்றார் டாக்டர்.

"கொஞ்சம் வேகமா வந்துட்டீங்க" என்றாள்.

ஸ்கூல் என்றால் ஒரே ஒரு அறை. ஒரு பக்கம் ஜெராக்ஸ் கடை, மறுபக்கம் முடிதிருத்தும் கடை. சுவரில் சாலைக் குறியீடுகளின் அட்டை ஒன்று தொங்கும். வெயில் பட்டுப் பட்டு அதிலிருந்த சிவப்பெல்லாம் வெளிறிப்போய், ‘நில்’ என்கிற பலகை, ‘மனசிருந்தா நில்லு’ என்று சொல்வது போல ஆகிவிட்டது. வாசலில் ஒரே ஒரு கார், அதன் கூரைமேல் ஒரு முக்கோணப் பலகை. ஆரம்பத்தில் இந்த ஸ்கூலுக்குப் போன் எடுத்துப் பேசும் வேலைக்கு வந்தவள்தான் அவள். அப்போதிருந்த ஆசிரியர், ஒரு மாணவர் வண்டியைக் கட்டில் மெத்தைக் கடைக்குள் கொண்டுபோய் நிறுத்தியதற்கு மறுநாள், வேலையே வேண்டாம் என்று போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் என்று இவள் ஏறி உட்கார்ந்தாள். இன்னும் இறங்கவில்லை. கடைசியில் ஸ்கூலும் அவளுடையதே ஆகிவிட்டது.

அவள் கற்றுக்கொடுத்து ஓட்டுகிறவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன்கூட அவளிடம் படித்தவன்தான். ஓட்டத் தெரியாத ஆள் அவள் வீட்டிலேயே ஒருவர் இருந்தார், அவள் கணவர்.

அவர் கர்ட்டன் கடையில் வேலை பார்த்தார். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, தைத்து வந்த திரையைக் கம்பியில் மாட்டிவிட்டு வருகிற வேலை. அளவில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு திரையைத் தடவினால் எத்தனை மடிப்பு என்று சொல்லுவார். எதையும் எண்ணித்தான் அவருக்குப் பழக்கம். சட்டைப் பொத்தானை எண்ணிப் போடுவார், சட்னியைக்கூட ஸ்பூன் எண்ணித்தான் வைத்துக்கொள்வார். கல்யாணமான புதிதில் அவள் சிரிப்பது பிடித்திருக்கிறது என்று சொன்னவர், "ஒரு நாளைக்கு எப்படியும் ஏழெட்டுத் தடவை சிரிக்கிறே" என்று சேர்த்துச் சொன்னார்.

கடை முதலாளி ஒரு வேன் வாங்கியதில் ஆரம்பித்தது வினை. இதுவரை ஆட்டோவில் போய்க்கொண்டிருந்த வேலைக்கு இனி வேன் போகும். மாட்டுகிற ஆளே ஓட்டவும் வேண்டும். கடையில் மாட்டுகிற ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் இவர். இன்னொருவன், முழங்கால் கிழிந்த பேண்ட்டைக் காசு கொடுத்து வாங்குகிற வயசுப் பையன். "அடுத்த மாசக் கடைசிக்குள்ள யார் லைசென்ஸோட வர்றீங்களோ அவங்க இருங்க" என்று முதலாளி இரண்டு பேரிடமும் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்ததால் அது பொய்யாகிவிடவில்லை. ஐம்பதைத் தாண்டிய கர்ட்டன்காரரை வேறு எந்தக் கடைக்காரன் கூப்பிட்டு வைத்துக்கொள்வான்?

வீட்டில் ‘என்னங்க’, ‘வாங்க’ என்றுதான் பேச்சு. வண்டிக்கு மட்டும் அவள் வேறு சட்டம் போட்டாள்.

"கதவைச் சாத்தினா நான் மேடம். உறவெல்லாம் வெளியில இறக்கி வெச்சுட்டு உட்காருங்க."

"சரிங்க மேடம்" என்றார். பிறகு, "கேஸ் சிலிண்டர் வந்துச்சா மேடம்?" என்று கேட்டார்.

நேர் ரோட்டில் அவர் ஓட்டியது ஒன்றும் குறை சொல்லும்படி இல்லை. டெஸ்ட் மைதானத்தில் நட்டுவைத்திருக்கிற கம்பங்கள்தான் அவருக்கு எமன். இடது பக்கமாக ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, கம்பங்களுக்கு நடுவே புகுந்து, சரியான இடத்தில் நேராக்கி, உள்ளே நிறுத்த வேண்டும். எங்கே நேராக்குவது என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. ஒன்று முன்னாலேயே நேராக்கி முதல் கம்பத்தை முட்டுவார், அல்லது நேராக்க மறந்து கடைசிக் கம்பத்தை முட்டுவார்.

"வண்டி திரும்பறதை உடம்பால உணரணும். உணர்ந்து திருப்புங்க" என்றாள்.

"எத்தனை இஞ்சுல உணரணும்?"

"இஞ்சு இல்ல. அது ஒரு உணர்ச்சி."

"உணர்ச்சியை எந்த டேப்பால அளக்கறது, மேடம்?"

இரண்டு தடவை டெஸ்டுக்குப் போய் இரண்டு தடவையும் கம்பத்தோடு கம்பமாகத் திரும்பி வந்தார். முதல் தடவை அவரே கம்பத்தை எடுத்து மறுபடி நட்டு, நிமிர்ந்து நிற்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு வந்தார். அதிகாரி அவரிடம், "இதெல்லாம் நல்லாத்தான் செய்யறீங்க" என்றாராம்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது.

ஒரு சாயங்காலம் பயிற்சி மைதானத்தில் இடது பக்கம் ஒடித்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது, வண்டிக்கு அடியில் எங்கேயோ ‘டக்’ என்றது. கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு ‘டக்’. நேராக்கினால் நின்றுவிட்டது. வலது பக்கம் திருப்பினால் இல்லை. இடது பக்கம் மட்டும், யாரோ அடியில் உட்கார்ந்து விரலால் தட்டுவது போல, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுகிற நேரத்துக்கு ஒன்றாக வந்தது.

"ஏதோ கல்லு மாட்டியிருக்கும். நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றாள்.

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. வண்டியைப் பின்னால் எடுத்து, மறுபடி ஒடித்துப் போனார். அவர் உதடு அசைந்தது. டக், டக், டக், டக். நேராக்கினார். வண்டி இரண்டு கம்பங்களுக்கும் நடுவே, தைத்த திரை கம்பியில் ஏறுவது போல, அலுங்காமல் போய் நின்றது.

"நாலு" என்றார்.

"என்ன நாலு?"

"இடது பக்கம் நாலு டக். அப்புறம் நேராக்கணும். இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே, மேடம்."

அன்றைக்கே அந்த வண்டியை மெக்கானிக்கிடம் விட்டிருக்க வேண்டும் என்று பிறகு அவளுக்கே தோன்றியது. ஆனால் அன்றைக்கு அவளுடைய வலது கால் முதல் தடவையாக அவர் பக்கத்தில் சும்மா இருந்தது. அந்தச் சுகத்தில் விட்டுவிட்டாள். அதோடு, மறுநாள் காலையில் வருகிற நர்ஸம்மாவுக்கும் இதே இடத்தில்தான் தகராறு. போகிற போக்கில், "நாலு சத்தம் கேட்டதும் நேராக்கிப் பாருங்க" என்று சொல்லிப் பார்த்தாள். நர்ஸம்மாவும் சரியான இடத்தில் நிறுத்திவிட்டார். நாடி பிடித்துப் பார்த்த பழக்கம், அவருக்கு எண்ணுவது சுலபமாக இருந்தது. அதற்கடுத்து வந்த வங்கிக்காரருக்கும் சரிவந்தது. ஒன்றிரண்டு வாரத்தில், ஆசிரியையின் பாடம் என்று இருந்ததெல்லாம் ஓரமாகப் போய், ஸ்கூலின் பாடம் ‘இடது பக்கம் நாலு டக்’ என்று ஆகிவிட்டது. கேட்டால் வெட்கக்கேடு. ஆனால் எல்லோரும் பாஸாகிக்கொண்டிருந்தார்கள்.

கணவருக்கு மூன்றாவது டெஸ்ட் நாள் குறித்து வந்தது. மாசக் கடைசிக்கு முந்தைய வாரம். இதை விட்டால் அந்த மாதத்தில் வேறு நாள் கிடையாது. கிழிந்த பேண்ட் பையன் வேறு எங்கேயோ சேர்ந்து படித்துக்கொண்டிருப்பதாகக் கடையில் பேச்சு.

டெஸ்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது சத்தம் மாறியது. டக் என்று இருந்தது, டக்-டக் என்று இரட்டையாக வர ஆரம்பித்தது. இது தெரியாமல் அவர் நாலு எண்ணி நேராக்கினார். வண்டி பாதிதான் திரும்பியிருந்தது. மைதானத்தின் ஓரத்தில் நின்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்த வங்கிக்காரரை நோக்கி நேராகப் போயிற்று. அவளுடைய கால் பழைய வேகத்தில் இறங்கியது. வங்கிக்காரர் டப்பாவோடு தூணுக்குப் பின்னால் போய், அங்கிருந்தே, "நாலுதானே?" என்று கேட்டார்.

மெக்கானிக் அவளுடைய தம்பி. ஊருக்கு வெளியே பழைய குடோன் ஒன்றைப் பிடித்து ஷெட்டாக்கி வைத்திருந்தான். எதையும் பார்ப்பதற்கு முன்னால் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். பார்த்த பிறகு வேறு ஒன்றைச் சொல்லுவான். இரண்டையும் ஒரே தெம்போடு சொல்லுவான்.

"டயர்ல கல்லு" என்றான், அவள் வண்டியை நிறுத்துவதற்கு முன்பே.

"கல்லு எப்படிடா இடது பக்கம் திரும்பறப்ப மட்டும் சத்தம் போடும்?"

"அதுக்கு அந்தப் பக்கம் பிடிக்கல போலிருக்கு." டயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கல் இல்லை. "அப்ப வீல் கப் ஆடுது" என்றான். வீல் கப் இறுக்கமாக இருந்தது. சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு குடை, நர்ஸம்மாவின் வெப்பமானி, ஒரு அளவு டேப் எல்லாம் வெளியே வந்தன. எடுத்து வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தான். சத்தம் அப்படியே இருந்தது.

பிறகுதான் ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தான். ஷெட்டுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு, சுவரை ஒட்டினாற்போல் இடது பக்கமாக வட்டம் போட்டான். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஓங்கி வந்தது, விட்டால் அடங்கியது. வலது பக்கம் வட்டம் போட்டான். ஒன்றும் இல்லை.

"இடது பக்கம் திரும்பறப்ப வண்டியோட பாரமெல்லாம் எந்தச் சக்கரத்து மேல போகும்?" என்று அக்காவிடம் கேட்டான்.

"வலது சக்கரம். நான் என்ன டைப்பிங்கா சொல்லிக்கொடுக்கறேன்?"

வலது முன்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினான். படுத்து உள்ளே டார்ச் அடித்தான். இன்ஜினிலிருந்து சக்கரத்துக்கு வருகிற தண்டின் முனையில், துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். அது வாய் பிளந்திருந்தது. உள்ளே இருக்க வேண்டிய கிரீஸெல்லாம் சக்கரத்தின் உட்புறத்தில் கருப்பாக அப்பிக் கிடந்தது. அந்த உறைக்குள்தான் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே சுழற்ற உதவுகிற ஜாயிண்ட். அதற்குள் குண்டுகள். கிரீஸ் போய், மண் புகுந்து, குண்டு உருளுகிற பள்ளம் தேய்ந்து, திருப்புகிறபோதெல்லாம் குண்டு ஏறி இறங்குகிறது. அதுதான் டக்.

"முதல்ல ஒரு பள்ளம் போச்சு. இப்ப ரெண்டாவதும் போச்சு" என்றான், தான் முதலிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது போல.

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, வேறு வழியில்லாமல், கேட்டேவிட்டாள்.

"அந்த ரெண்டாவதை மட்டும் எடுத்துட முடியுமாடா?"

"எதை?"

"ரெண்டாவது டக்கை. முதல் டக் இருக்கட்டும்."

தம்பி ஜாக்கிக்குப் பக்கத்தில் படுத்தபடியே அவளைப் பார்த்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மாமாவின் எண்ணிக்கை, நர்ஸம்மா, வங்கிக்காரரின் சாப்பாட்டு டப்பா, டெஸ்ட், கர்ட்டன் கடை, வேன். அவன் எழுந்து உட்கார்ந்து, கையைத் துணியில் துடைத்தான்.

"அக்கா, சத்தத்தை எடுக்கறதுக்குத்தான் என்கிட்ட வர்றாங்க. சைஸ் சொல்லி ஆர்டர் குடுக்கற முதல் ஆள் நீதான்."

"டெஸ்ட் வரைக்கும் போதும்."

"டெஸ்ட் வரைக்கும் தாங்காது. ஒரு திருப்பத்துல கழண்டுச்சுன்னா இன்ஜின் சுத்தும், வண்டி நிக்கும். பின்னால லாரிக்காரன் வருவான். அவன்கிட்ட போய் நாலு டக் பாடம் எடுப்பியா?"

அவள் வண்டியைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பெற்றவர்கள் நம்பி ஏற்றிவிடுகிற வண்டி. "மாத்திடு" என்றாள்.

சக்கரத்தின் நடு நட்டைக் கழற்ற, ஸ்பானரில் ஒரு ஆள் நீளத்துக்கு ஒரு குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்றான். பழைய ஜாயிண்ட்டைச் சுத்தியலால் தட்டி இறக்கினான். புதியதை ஏற்றி, கிரீஸை வாயில் ஊட்டுவது போல ஊட்டி, புது ரப்பர் உறையை மாட்டி, பட்டையை இறுக்கினான். ஓட்டிப் பார்க்கச் சொன்னான். அவள் இடது பக்கம் முழுக்க ஒடித்துப் போனாள்.

சத்தமே இல்லை. வெண்ணெயில் கத்தி போவது போலப் போனது. அவள் போய்க்கொண்டே இருந்தாள். சுவர் கிட்டே வந்தபோதுதான் தெரிந்தது, எங்கே நேராக்குவது என்று தானும் காதால் காத்துக்கொண்டிருக்கிறோம் என்று. இத்தனை வருஷம் ஊருக்கே கற்றுக்கொடுத்தவள், சுவருக்கு ஒரு சாண் முன்னால் பிரேக் போட்டு நின்றாள். தம்பி பார்க்கவில்லை. அதுவரைக்கும் புண்ணியம்.

அன்று சாயங்காலம் கணவர் புது ஜாயிண்ட்டோடு மைதானத்தில் மூன்று கம்பங்களைச் சாய்த்தார்.

"எண்ணறதுக்கு ஒண்ணுமே இல்லையே" என்றார், அழுகிற குரலில் இல்லை, கடையில் துணி சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்.

மறுநாள் அவள் ஷெட்டுக்குப் போன் போட்டாள். பழைய ஜாயிண்ட்டைக் கேட்டாள். "செத்ததைத் திருப்பி மாட்டற தொழில் நான் பண்ணல" என்று தம்பி வைத்துவிட்டான். ஆனாலும் அக்கா மேல் பாசம். சாயங்காலம் வந்து, தண்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை இறுக்கிக் கட்டி, அதன் நீட்டிய வால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கம்பியில் தட்டுகிற மாதிரி செய்து கொடுத்தான். சத்தம் வந்தது. ஆனால் இடது, வலது, நேர் ரோடு என்று பாகுபாடில்லாமல் வந்தது. கடைத்தெரு வழியாகப் போனபோது ஜனங்கள் குதிரை வருகிறதோ என்று வழிவிட்டார்கள். அவர் நேர் ரோட்டிலும் எண்ண ஆரம்பித்து, நூற்றுச் சொச்சத்தில் குழம்பி, சிக்னலில் நடுரோட்டில் நின்றார். பட்டையை அறுத்துப் போட்டார்கள்.

வழி சொன்னவள் மகள். சோபாவில் படுத்து, செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"அம்மா, நீயே பக்கத்துல உட்கார்ந்து நாக்கால சொடக்குப் போடேன்."

"டெஸ்ட்ல நான் பக்கத்துல இருக்க மாட்டேன்டி. அதிகாரி இருப்பார்."

"அவரைப் போடச் சொல்லு."

சிரித்தார்கள். ஆனால் அடுத்த நாள் மைதானத்தில் வேறு கதியில்லாமல் அவள் நாக்கால் சொடக்கினாள். டக். டக். டக். டக். அவர் சரியாக நிறுத்தினார். இரண்டாவது தடவையும் நிறுத்தினார். மூன்றாவது தடவை அவளுக்கு வாய் வறண்டு, தண்ணீர் குடிக்கப் பாட்டிலைத் திறந்தாள். டக் என்றது. அவள் போடவில்லை. திரும்பிப் பார்த்தாள். அவர் கண் கம்பத்தின் மேல் இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. டக் என்று அவரே சொடக்கினார். அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. சக்கரத்துக்குச் சரியாக, அச்சு அசல் பழைய ஜாயிண்ட்டின் குரலில். நாலாவதில் நேராக்கினார்.

அவள் உடம்பால உணரணும், உடம்பால உணரணும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டாளே, கடைசியில் அது அவருடைய நாக்கில் போய் உட்கார்ந்திருந்தது. தான் சத்தம் போடுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

"மறுபடி வந்துடுச்சு பார்த்தியா?" என்றார் சந்தோஷமாக. "மச்சான் ஏதோ சரியா மாட்டல போல."

சொல்லலாமா என்று யோசித்தாள். நடக்கிறவனிடம் எந்தக் காலை முதலில் வைக்கிறாய் என்று கேட்டால் அவன் விழுவான். "ஆமா, அவன் வேலையே அப்படித்தான்" என்று ஏதோ உளறி, பேச்சை மாற்றிவிட்டாள்.

டெஸ்ட் அன்று காலை மைதானத்தின் கம்பி வேலிக்கு வெளியே நின்றாள். பக்கத்தில் தம்பி. மாமா முட்டுவதைப் பார்க்க வரவில்லை என்றும், தன் ஜாயிண்ட் ஓடுவதைப் பார்க்க வந்ததாகவும் சொன்னான். அதிகாரி புதிதாக மாற்றலாகி வந்தவர், கண்ணாடி போட்ட, தொப்பை வைத்த மனிதர். கையில் அட்டையோடு ஏறி உட்கார்ந்தார். வண்டி புறப்பட்டது. இடது பக்கம் ஒடிந்தது. வேலிக்கு வெளியே நின்றவளின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. வண்டி கம்பங்களுக்கு நடுவே புகுந்து, நேராகி, கோடு போட்ட இடத்தில் போய் நின்றது.

அவள் மூச்சு விட்டாள். அதற்குள் அதிகாரி கதவைத் திறந்து இறங்கினார். வலது முன்சக்கரத்துக்கு எதிரில் போய்க் குனிந்தார்.

"இன்னொரு தடவை இடது பக்கம் போங்க" என்றார் உள்ளே இருந்தவரிடம்.

போனார். திறந்த ஜன்னல் வழியாக டக், டக் என்று வந்தது. அதிகாரி காதைத் தீட்டிக்கொண்டு கூடவே நடந்தார்.

"வலது பக்க ஜாயிண்ட் போயிருக்கு. திரும்பறப்ப பாரம் அந்தப் பக்கம் போகும், தெரியுமில்ல?" என்று வேலிப் பக்கம் பார்த்துச் சொன்னார். "யாரு இந்த ஸ்கூல் வண்டிக்குப் பொறுப்பு?"

"நான்தான் சார்."

"சார்" என்று தம்பி குறுக்கே புகுந்தான், "அது புது ஜாயிண்ட். இந்த வாரம்தான் மாத்தினேன். என் கையால."

"அதான் போயிருக்கு."

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. வேலியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், "நீங்களே ஓட்டிப் பாருங்க சார்" என்றான். அதிகாரி ஏறி ஓட்டினார். இடது பக்கம் ஒரு முழு வட்டம் போட்டார். நிசப்தம். இன்னொரு வட்டம் போட்டார். நிசப்தம். இறங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இவர் ஓட்டினா வருது. நான் ஓட்டினா வரல."

கணவர் ஓரமாக நின்றிருந்தார். அவருக்கும் புரியவில்லை. நேர்மையான மனுஷன், ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் தரையை மிதித்தாள். அங்கே பிரேக் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அத்தனை வருஷப் பழக்கத்தில் அவருக்கு அது கேட்டிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

"ஆள் பாரம் போதாது" என்று அதிகாரி ஒரு முடிவுக்கு வந்தார். "நீங்க பக்கத்துல ஏறுங்க."

கணவர் பக்கத்தில் ஏறினார். அதிகாரி இடது பக்கம் ஒடித்தார். டக். டக். டக். டக்.

"பாத்தீங்களா?" என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார் அதிகாரி. "இவர் பாரம் சேர்ந்தா வருது. என் பாரம் மட்டும்னா வரல. பாரக் கோளாறு. இருபது வருஷமா வண்டி பார்க்கறேன்."

தம்பி ஜன்னலை ஒட்டி நின்றிருந்தான். மாமாவின் கன்னம் ஒவ்வொரு சத்தத்துக்கும் உள்ளே போய் வெளியே வருவதை அவன் பார்த்துவிட்டான். வாயைத் திறந்தான். பிறகு வேலிக்கு வெளியே இருந்த அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தில் இருந்தது என்னவோ, அதைப் படித்துவிட்டு, தொழில்முறையில் தன் வாழ்நாளிலேயே மிகக் கேவலமான ஒரு வாக்கியத்தைச் சொன்னான்.

"சரியாச் சொன்னீங்க சார். நான்தான் சரியா மாட்டல போலிருக்கு."

அதிகாரி அட்டையில் எழுதினார். ஓட்டியவர் பாஸ், வண்டி ஃபெயில். சரி பண்ணிக் காட்டுகிற வரைக்கும் இந்த வண்டியில் யாரும் டெஸ்டுக்கு வரக் கூடாது.

திரும்பும்போது தம்பி ஓட்டினான். வழியில் இடது பக்கம் ஒரு திருப்பம் வந்தது. பின்சீட்டிலிருந்து டக், டக் என்றது.

"மச்சான், இன்னும் வருது பாரு" என்றார் மாமா.

"பாத்துட்டுத்தான் இருக்கேன் மாமா."

வண்டி இரண்டு நாள் ஷெட்டில் சும்மா நின்றது. தம்பி ஜாயிண்ட்டை ஒரு துணியால் துடைத்ததோடு சரி. பிறகு தனியாக ஓட்டிப்போய் அதிகாரியிடம் காட்டினான். பாரத்துக்கு அதிகாரியே பக்கத்தில் ஏறிக்கொண்டார். சத்தம் வரவில்லை. "இப்பதான் ஒழுங்கா மாட்டியிருக்கே. இனிமே ஜாக்கிரதையா வேலை பாரு" என்று அவர் தோளில் தட்டி அனுப்பியதை, தம்பி அக்காவிடம் சொல்லிச் சொல்லிப் பொருமினான்.

கிழிந்த பேண்ட் பையன் அதே வாரம் டெஸ்டில் பாஸாகவில்லை. சாதாரணமாக, எந்தச் சத்தமும் இல்லாமல், கம்பத்தை முட்டினான். கர்ட்டன்காரர் மாசம் முதல் தேதி வேன் சாவியை வாங்கிக்கொண்டார். முதலாளி பையனையும் அனுப்பவில்லை. கம்பி தூக்க ஒரு ஆள் வேண்டும், பக்கத்து சீட்டில் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

சில நாள் கழித்து, அவள் அடுப்படியில் நின்றிருந்தபோது தம்பி போன் செய்தான்.

"அக்கா, கர்ட்டன் கடை வேன் வந்திருக்கு. முதலாளியே கொண்டாந்தார். புது வண்டி, இடது பக்கம் திரும்பினா டக் டக்குங்குதாம். நேத்து மாமா கூடப் போனப்ப நல்லாக் கேட்டாராம். கம்பெனிக்காரன் மேல கேஸ் போடறேங்கறார்."

அவள் அடுப்பைக் குறைத்தாள்.

"நீ என்ன சொன்னே?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல. சொல்லட்டுமா? மாமாவுக்கு ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திடுவார். அவருக்கே தெரியாமதானே வருது?"

"சொல்லாதே."

"பின்ன இந்த மனுஷனை என்ன சொல்லி அனுப்பறது?"

"கிரீஸ் போட்டேன்னு சொல்லு. கொஞ்ச நாள் சத்தம் இருக்கும், பழகிடும்னு சொல்லு."

"சத்தம் நிக்காதேக்கா."

"நிக்கக் கூடாதுடா" என்றாள். "நின்னுச்சுன்னா அவர் எங்க போய் நிப்பாருன்னு யாருக்குத் தெரியும்?"

அந்தப் பக்கம் தம்பி பெருமூச்சு விட்டான். ஷெட்டில் முதலாளியிடம் அவன் ஏதோ தெம்பாகச் சொல்ல ஆரம்பிப்பது போனில் கேட்டது. அவள் போனை வைத்தாள். வேன் ஷெட்டில் இருந்ததால் கணவர் அன்று நடந்தே வந்துகொண்டிருந்தார். தெருமுனையில், இடது பக்கம் வீட்டை நோக்கித் திரும்பும்போது, அவர் கன்னம் லேசாக அசைவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாலு எண்ணி, வாசலுக்கு நேராக வந்து நின்றார்.